வானத்தை மூடிவைக்கலாமா?

திங்கள்தோறும் 29-ஆம் நாள் மாலையில் மேற்கு நோக்கிப் பிறை தேடும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. பிறை தென்பட்டதும் செய்தி ஊரெங்கும் பரவுகிறது. அத்துடன் வானத்தை நாம் மூடிவைத்துவிடுகிறோம். மறுபடியும் திறப்பது அடுத்த 29-ஆம் நாளில்தான்! இவ்வாறு அண்ணாந்து பார்க்கப் பழகிய கண்களை இன்னும் சற்று நேரம் அங்கேயே நிறுத்துதல் அரிய செயலன்று. மாதம் ஒரு மாலை நம் சங்கரன்கோவிலில் விண்மீன் நோக்கும் கூட்டம் நடைபெறல் வேண்டும் என்பது நம் கருத்து.

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் அமைந்தது நம் ஊர். ஆகவே துருவ விண்மீனும் நமக்கு அடிவானத்திலிருந்து 9 பாகை உயரத்திலேயே நிற்கிறது. வடக்கே ஒருவர் மாடி கட்டினால் துருவன் மறைந்துபோவான்! தெற்கிலோ அதற்கு ஈடான செல்வம் உண்டு. மாசி முன்னிரவில் அகத்திய விண்மீனும், வைகாசி முன்னிரவில் தென்சிலுவையும் நமக்குக் காட்சி தரும். இலண்டன் மாநகரத்தார் தம் ஊரிலிருந்து இவ்விரண்டையும் என்றுமே காண இயலாது. அகத்திய விண்மீனை அரபு மக்கள் சுஹைல் என்றழைத்தனர். சுஹைல் என்னும் பெயர் தாங்கிய நம் இளைஞருள் எத்தனை பேர் அவ்விண்மீனைக் கண்டுள்ளனர்?

தமிழும் அரபும் வானில் கைகோத்து நிற்கின்றன. நம் ரோகிணியை உலகம் அல்தெபரான் என்கிறது; பின்தொடர்வது என்பது அதன் பொருள். கார்த்திகைக் கூட்டத்தை அது பின்தொடர்வதைக் கண்டோர் இட்ட பெயர் அது. ஏழு முனிவர் கூட்டத்தில் வசிட்டனை ஒட்டி மங்கலாக ஒளிர்வது அருந்ததி. அதனைக் கொண்டு அரபு மக்கள் கண்ணொளியைச் சோதித்தனர். நம் நாட்டார் மணமக்களுக்குக் காட்டினர். இன்று கண்ணைச் சோதிக்க மருத்துவர் உளர். அருந்ததியையோ பட்டப்பகலில் காட்டுகிறோம். மணமக்களும் தெரிகிறது என்கின்றனர்!

இத்துறையில் தமிழகத்திற்கு நெடிய மரபுண்டு. சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளி கதிரவனைக் கடந்தபோது, பொதுமக்கள் அறியும் பொருட்டு உருது, கன்னடம் முதலிய மொழிகளில் விளக்க நூல் வெளியிட்டார். சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1988-இல் கண்டறியப்பெற்ற சிறுகோள் ஒன்று கணிதமேதை இராமானுசன் பெயரைத் தாங்கி வலம்வருகிறது.

வானியல் என்றவுடன் கையை நீட்டுவோர் உளர். வியாழன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கூறலாம். வியாழ நோக்கம் எப்போது வரும் என்பது நம் பாடத்திட்டத்தில் இல்லை! மதிப்பெண் கிட்டுமா என்று வினவுவோர்க்கும் விடையுண்டு. சிரியசு விண்மீனிலிருந்து இன்று நம் கண்ணை அடையும் ஒளி எட்டரை ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடியும் அத்துணைக் காலம்! இதை உணர்ந்த மாணவர்க்கு இயற்பியல் பாடம் கசக்காது.

எந்நாளில் கூடுவது? முழுநிலவு கவிஞர்க்கு விருந்து. வான்நோக்குவோர்க்கு அதன் ஒளி பெருந்தொல்லை. பிறை நான்காம் அல்லது ஐந்தாம் நாளே உகந்தது. அன்று நிலவின் குழிகள் சாய்ந்த ஒளியில் நிழலுடன் புலப்படும். மங்கலான விண்மீன்களும் தப்பிப் பிழைக்கும். மாலை 7 மணிக்குத் தொடங்கி 8.30-க்குள் முடித்து, பெற்றோரையும் அழைத்தால் மாணவியரும் தடையின்றிப் பங்கு பெறுவர். இரவென்று கூறி அவர்களை விலக்குவது நம் அறிவில் பாதியை விலக்குவதாகும். செலவும் பெரிதன்று. 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளைக் காண, ஆடாமல் பிடித்த ஓர் இருகண் நோக்கி போதும்.

காலம் தாழ்த்தலாகாது. வெண்ணிற மின்விளக்குகள் பெருகப் பெருக வானின் இருள் வெளுத்து வருகிறது. பால்வீதியைக் கண்டிராத தலைமுறை ஒன்று நம் தெருக்களில் வளர்கிறது. விளக்கே வேண்டாம் என்பது நம் வாதமன்று. மேல்மூடியிட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் தெருவும் ஒளிரும், வானும் பிழைக்கும்.

கூட்டம் நடைபெறும் ஒன்றரை மணிநேரம் கல்லூரித் திடலின் விளக்குகளை அணைத்து வைக்கலாம். கண்டவற்றை மாணவர் தமிழில் குறித்து வைக்கலாம். பிறை பார்க்கப் பழகிய பெரியோர் முதல் மாதம் வந்து அமர்ந்தால், இளையோர் தாமே தொடர்வர்.