இடம் கொடுத்தால் போதுமா?

தொழிலாளத் தோழர்களே!

பட்டை வறண்ட பால்மரத்தைக் கண்டதும் யாரும் சாய்த்துவிடுவதில்லை. அந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுத்து, மறுபக்கத்தில் கத்தி வைக்கிறோம். மரத்துக்குக் காட்டும் இந்தப் பொறுமை, குறையோடு பிறந்த நம் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கிறதா?

1997-ஆம் ஆண்டு விதிகள், பிறர் உதவியின்றித் தன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளைக்கே சிறப்பு வகுப்பைத் திறந்தன. 2008-இல் உடற்பேறு குறைந்தோர் சட்டம் வந்தது. 2019-இல், எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று கல்வி அமைச்சு கொள்கை வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால் சேர்ப்பது வேறு, கற்பிப்பது வேறு! பதிவேட்டில் பெயர் ஏறினால் படிப்பு ஏறிவிடுமா?

கேரி தீவுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். சிறப்பு வகுப்பு பாலத்துக்கு அப்பால் இருந்தால், விடியுமுன் வேலைக்குப் போகும் தாய் அவனை எப்படிக் கொண்டு சேர்ப்பாள்? அரசு தரும் மாதம் 150 வெள்ளி வண்டிக் கூலிக்கே போய்விட்டால் மிஞ்சுவது என்ன?

பிள்ளையால் முடியாது என்போர் பிரிக்பீல்ட்ஸ் சென்று பார்க்கட்டும். 1951-இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம், விரலால் படிக்கவும் கையால் பிழைக்கவும் முடியும் என்று அங்கே காட்டியிருக்கிறது. மாற வேண்டியது கற்பிக்கும் முறை!

நாம் கேட்பது இவை: பயிற்சி பெற்ற ஆசிரியர், பள்ளி வண்டி, தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை என்ன கற்றான் என்று ஆண்டுதோறும் பெற்றோரிடம் கணக்கு.

நம்மிடமும் குற்றமுண்டு. "வீட்டோடு கிடக்கட்டும்" என்று சொல்வதை நிறுத்துவோம். கிராணிமாரே, எழுதத் தெரியாத தாய்க்கு மனு எழுதிக் கொடுங்கள். அதைச் சங்கம் ஏந்திச் செல்லட்டும்!