பெபேயாளுக்குக் கதவடைத்த சபை



கெங்கிரேயா ஊர்ச் சபையில் ஊழியம் செய்த பெபேயாள் என்னும் சகோதரி பேரரசின் தலைநகருக்குச் செல்கிறாள். அவளைக் கர்த்தருக்குள் ஏற்றுக்கொண்டு, வேண்டிய உதவியைச் செய்யும்படி ரோமாபுரிச் சபைக்குப் பவுல் எழுதுகிறார் (ரோமர் 16:1,2). வெறும் பெயர்ப்பட்டியல் என்று நாம் விரைந்து கடந்துபோகும் அதிகாரம் அது. இவ்வாரம் அங்கே சற்று நில்லுங்கள்.

இருபதாம் நூற்றாண்டிலும் பெபேயாள் பயணப்பட்டாள். ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் புறப்பட்டாள். 1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பலின் பயணிகள் டில்பரி துறைமுகத்தில் இறங்கினர். பின்னர் பல கப்பல்கள் வந்தன. அவர்கள் அந்நியராய் வரவில்லை. பிரிட்டிஷ் பிரஜைகளாய் வந்தார்கள். போரினால் தளர்ந்திருந்த அந்நாட்டின் மருத்துவமனைகளுக்கும் பேருந்துகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் தொடங்கிய தேசிய சுகாதார சேவைக்குக் கரீபியன் பெண்கள் அழைக்கப்பட்டார்கள். வந்தவர்களில் பலர் முழுத்தகுதிச் செவிலியர் பயிற்சியில் சேர்க்கப்படாமல், உயர்வுக்கு வழியற்ற கீழ்நிலைப் பயிற்சிக்குத் தள்ளப்பட்டனர். கறுப்பினத்தவருக்கு இடமில்லை என்ற அட்டை வாடகை வீடுகளின் சன்னல்களில் நின்றது.

உலகம் அவ்வாறு செய்தது. சபை என்ன செய்தது? இங்கேதான் என் மனம் பொறுக்கவில்லை. இப்பெண்களில் எத்தனையோ பேர் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்கள். தங்கள் ஊர்க் குருவானவர் எழுதித்தந்த அறிமுகக் கடிதத்தோடு வந்தவர்களும் உண்டு. அவர்களுடைய தீவுகளுக்கு மிஷனெரிகளை அனுப்பியதே இந்த இங்கிலாந்துதான்! ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கிய குருவானவர், வந்ததற்கு நன்றி, இனி வரவேண்டாம், சபையார் சங்கடப்படுகிறார்கள் என்று சொல்லி அனுப்பியதைப் பலர் சாட்சியாகக் கூறியிருக்கிறார்கள். 1961இல் தென் லண்டனில், வால்வர்த் பகுதியின் பரிசுத்த பேதுரு ஆலயத்தில், ஒரு குடும்பம் தோலின் நிறத்தினிமித்தம் உள்ளேயே விடப்படவில்லை.

"காலம் அப்படி, பாஸ்டர்" என்பீர்கள். இந்தச் சாக்கை நான் ஏற்கமாட்டேன். அந்தக் காலத்திலும் ரோமர் 16 அவர்கள் வேதாகமத்தில் இருந்தது. வேறொன்றும் சொல்கிறேன். அதே காலத்தில், அதே லண்டனில், சிபில் பீனிக்ஸ் என்ற மெதடிஸ்ட் பெண்மணி வாழ்ந்தார். பிரிட்டிஷ் கயானாவில் 1927இல் பிறந்து, 1956இல் இங்கிலாந்து வந்தவர். (கயானா தென் அமெரிக்கக் கரையில் இருந்தாலும் அதன் வரலாறு கரீபியன் வரலாறுதான்.) அறைக் கதவுகள் சாத்தப்பட்ட அந்த நகரத்தில் அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். பிறர் பிள்ளைகளை ஏற்று வளர்த்தார். போக்கிடமற்ற கறுப்பின இளைஞருக்காக லூயிஷம் பகுதியில் மூன்ஷாட் மன்றத்தை நடத்தினார். 1973இல் அரசியின் எம்பிஇ விருது வந்தது. 1977 டிசம்பரில் அந்த மன்றம் தீக்கிரையாக்கப்பட்டது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. மன்றம் மீண்டும் கட்டப்பட்டு 1981இல் திறக்கப்பட்டது.

ஆஸ்தியும் அதிகாரமும் இல்லாத ஒரு பெண் அந்தக் காலத்தில் கதவைத் திறக்கக் கூடுமானால், கற்கோபுரமும் காணிக்கைப் பெட்டியும் உடைய சபைக்கு ஏன் கூடவில்லை? காலத்தைக் குற்றஞ்சாட்டாதீர்கள். காலம் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. பெயரும் முகமும் உள்ள விசுவாசிகள் நிறுத்தினார்கள்; மற்றவர்கள் பாடல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு சாக்கும் உண்டு: "அவர்களே தனிச்சபை அமைத்துப் போய்விட்டார்கள்." 1953இல் வுல்வர்ஹாம்டனில் ஒரு ஒய்எம்சிஏ அறையில் கரீபியன் விசுவாசிகள் சிலர் கூடி ஜெபித்தார்கள், பெருகி வளர்ந்த சபை அது. தேவன் அதை ஆசீர்வதித்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே வேறொரு வாசலைத் தட்டிப்பார்த்தவர்கள் என்று கேளாமல் அந்த ஆசீர்வாதத்தை நம் சாக்காக்கிக்கொள்வது திருட்டு.

சிபில் பீனிக்ஸை மன்னிக்கும் மனதுக்கு மாதிரியாக மட்டும் காட்டிப் பிரசங்கிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் மன்னித்துவிட்டு வாய்மூடியிருக்கவில்லை. திருச்சபைத் தலைவர்களை உட்காரவைத்து, அவர்களுக்குள்ளிருந்த நிறவெறியை அவர்களே காணும்படி பயிலரங்குகள் நடத்தினார். காயம்பட்டவர் பேசினால் ஒற்றுமை கெடும் என்று நம் கமிட்டிக் கூட்டங்களில் சொல்லப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்; சிலர் சொல்லியும் இருக்கிறீர்கள்.

2020 பிப்ரவரியில் இங்கிலாந்து திருச்சபையின் பொதுச் சினாடு விண்ட்ரஷ் தலைமுறையினரிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. தாம் வெட்கப்படுவதாகப் பேராயர் ஜஸ்டின் வெல்பி அங்கே அறிக்கையிட்டார். அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் வால்வர்த்தின் அதே பரிசுத்த பேதுரு ஆலயத்தின் குருவானவர். அந்த வாசல் அடைக்கப்பட்டு 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.