கோவாவும் வேணும், முருங்கைக்காயும் வேணும்

ஸ்ட்ரோம்மன் பக்கம் இருக்கிற எங்கட குடும்பங்களுக்குச் சனிக்கிழமை என்றால் இரண்டு கடை. ஒன்றில் நோர்வே உருளைக்கிழங்கு, கரட், கோவா. மற்றது தமிழ்க்கடை: முருங்கைக்காய், வல்லாரை, கறிவேப்பிலை. இங்கு பிறந்த பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள்: "பிளேனில் வந்த மரக்கறியை ஏன் வாங்குறீங்க?" பெற்றோரின் பதில்: "ஊர் விவசாயிக்கு உதவிதானே!" இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது.

பிள்ளைகளின் கணக்கை முதலில் பார்ப்போம். பெரும்பாலான உணவுகளால் சூழலுக்கு வரும் கேட்டில் போக்குவரத்தின் பங்கு 10 வீதத்துக்கும் குறைவு. கப்பலில் வந்த பருப்பு, பக்கத்துப் பண்ணை மாட்டிறைச்சியைவிட எவ்வளவோ மேல். ஆனால் விமானம் வேறு கதை. ஒரு தொன் உணவை ஒரு கிலோமீற்றர் கொண்டுவர, கப்பலைவிட விமானம் ஏறக்குறைய 50 மடங்கு கூடுதலாகக் காற்றைக் கெடுக்கிறது. ஆகவே எங்கிருந்து வந்தது என்பதைவிட, எதில் வந்தது என்பதே பெரிய கேள்வி. சில நாட்களில் வாடிவிடும் கீரையும் பச்சை முருங்கைக்காயும் அவ்வளவு தூரம் கப்பலில் வர முடியாது.

அடுத்தது விவசாயி. 1970களில் இலங்கை அரசு வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள். கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. அந்த அடி எங்கட பெரியவர்களுக்குத் தெரியும். நோர்வே விவசாயிக்கும் அதே பயம்தான். இந்த நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 3 வீதமே பயிர்நிலம். அதனால்தான் உள்ளூர் அறுவடைக் காலத்தில் பல மரக்கறிகளுக்கு அரசு இறக்குமதி வரியைக் கூட்டுகிறது. ஸ்ட்ரோம்மனைச் சுற்றியுள்ள ரூமரிக்கே வயல்களில் பாடுபடுகிறவரும் விவசாயிதான். நாங்கள் வாழும் ஊரின் விவசாயி.

அப்போ என்ன செய்யலாம்? நாளாந்தக் கறிக்கு இந்த மண்ணில் விளைந்ததை எடுப்போம். கோவா வறை, லீக்ஸ் கறி, கரட் சம்பல் எங்களுக்குப் புதிதல்ல. இங்கத்தைய கோல்ரூட் கிழங்கைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்தால் சோறு இறங்கும். கிழங்கு வகைகள் குளிர்காலம் முழுக்கக் கிடைக்கும். 2009 முதல் பொதிகளில் இருக்கும் 'நீட் நோர்கே' முத்திரையைப் பார்த்தால் நோர்வே விளைச்சல் எது என்று தெரியும். ஆனால் உள்ளூர் எல்லாமே சுத்தம் என்றும் நம்ப வேண்டாம். எரிபொருள் எரித்துச் சூடாக்கிய கண்ணாடிக்கூடத்துத் தக்காளி, லொறியில் வந்த ஸ்பெயின் தக்காளியைவிட மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

ஊருக்கு உதவ வேண்டுமா? ஒடியல் மா, மிளகாய்த்தூள், அரிசி மா, ஊர் அரிசி வாங்குங்கள். இவை வாடாது, கப்பலில் வரலாம். உறையவைத்த முருங்கைக்காயும் அப்படியே. தமிழ்க்கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: எது விமானத்தில் வந்தது, எது கப்பலில் வந்தது என்று ஒரு மட்டையில் எழுதி வையுங்கள். பச்சை முருங்கைக்காயும் வல்லாரையும் பொங்கலுக்கும் விரதத்துக்கும் விருந்துக்கும் வரட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேண்டாம்.

பிள்ளைகள் கேட்கும்போது "சும்மா இரு" என்று வாயடைக்காதீர்கள். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவர்களையே தெரிவுசெய்ய விடுங்கள். முருங்கைக்காயின் ருசியும் அதன் உண்மையான விலையும் இரண்டுமே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.