விசர்க் குளிசை இல்லை, நோவுக்குப் போடுற குளிசை

 

உருத்திரபுரத்து உறவுகளுக்கும், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கோ.

போன கிழமை இடைவேளை நேரம் என்னுடைய கைப்பை சரிந்து சாமான்கள் எல்லாம் மேசையில் கொட்டுப்பட்டன. அதற்குள் ஒரு குளிசை அட்டையும் இருந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியை எடுத்துத் தந்தா. பெயரைப் பார்த்தா, போனில் தேடிப் பார்த்தா. பிறகு மெல்லமாக, "மிஸ், இது மனநோய்க்குக் குடுக்கிறதெல்லோ?" என்று கேட்டா. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த நாள் மூன்று பேர் வந்து, "சுகமா இருக்கிறீங்களா மிஸ்?" என்று ஒரு மாதிரிக் கேட்டார்கள். கதை பரவ முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குளிசையின் பெயர் அமிட்ரிப்டிலின். நான்கு வருசத்துக்கு மேலாக ஒவ்வொரு இரவும் போடுகிறேன். இன்னும் எத்தனை வருசம் போடவேண்டி வரும் என்று தெரியாது. எனக்கு இருக்கிற வருத்தத்தின் பெயர் பைப்ரோமயல்ஜியா.

முதலில் தோள் உளைவு. பிறகு முதுகு, இடுப்பு, கால். ஒரு கட்டத்தில் எந்த இடம் நோகவில்லை என்று தேடவேண்டிய நிலை. கரும்பலகையில் ஒரு பந்தி எழுதினால் கை இறங்கிவிடும். தரம் 8 பிள்ளைகள் நான் கேட்காமலே திகதியையும் தலைப்பையும் எழுதி வைத்துவிடுவார்கள். எட்டு மணித்தியாலம் படுத்து எழும்பினாலும், இரவு முழுக்க வயலில் நின்றதுபோல உடம்பு இருக்கும்.

இரத்தம் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், சிறுநீர் சோதித்தார்கள். எல்லாம் நோர்மல். "ஒண்டுமில்லை" என்றார்கள். வருத்தக்காரருக்கு அது நல்ல செய்தி என்றுதான் எல்லாரும் நினைப்பீர்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்கும்போது அழுகை வந்தது. ஒண்டுமில்லை என்றால், இவ்வளவு நாளும் நான் நடிக்கிறேனா? எண்ணெய் பூசினேன், ஒத்தடம் பிடித்தேன், பார்மசியில் கேட்டுக் கேட்டு நோக் குளிசை வாங்கினேன். கடைசியில் ஒரு டொக்டர்தான் எக்ஸ்ரேயை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "நித்திரையால எழும்பேக்கை களைப்பு ஆறியிருக்குதா?" என்று கேட்டார். அதற்கு முதல் ஒருவரும் என்னுடைய நித்திரையைப் பற்றிக் கேட்டதில்லை.

அவர் விளங்கப்படுத்தியதை வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். பாடசாலை மணி நெருப்புப் பிடித்தால் அடிக்கவேண்டும். ஆனால் ஒரு இலை விழுந்தாலும் அது அடிக்கிறது என்று வையுங்கோ. நெருப்பு இல்லை, மணி அடிப்பது மட்டும் உண்மை. காது கிழிகிறதும் உண்மை. பைப்ரோமயல்ஜியாவில் தசையிலோ எலும்பிலோ காயம் இல்லை. மூளையும் முள்ளந்தண்டு வடமும் நோவைக் கையாளுகிற விதம் மாறிவிட்டது. மற்றவருக்கு வெறும் தொடுகையாக இருப்பது இவர்களுக்கு நோவு. சீனியை அளப்பதுபோல இதை அளக்க இரத்தப் பரிசோதனை இல்லை. 1990 இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் உடம்பில் 18 இடங்களை அமத்திப் பார்த்து, 11 இடத்திலாவது நொந்தால் இதுதான் என்று ஒரு அளவுகோல் வைத்தார்கள். 2010 இல் அதை மாற்றி, நோவு எங்கெங்கே பரவியிருக்கிறது, நித்திரை எப்படி, களைப்பு எப்படி என்று கேட்டு அறிகிற முறையைக் கொண்டுவந்தார்கள். 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், நீடித்த நோவு என்பதே ஒரு நோயாக இடம்பிடித்திருக்கிறது. வேறொரு நோயின் அடையாளமாக மட்டும் அதை இனிப் பார்க்கத் தேவையில்லை.

சரி, மனச்சோர்வுக்குரிய மருந்தை ஏன் நோவுக்குத் தருகிறார்கள்?

அமிட்ரிப்டிலின் 1960களில் மனச்சோர்வுக்காக வந்த மருந்துதான். அதை மறைக்கவில்லை. ஆனால் மூளையிலிருந்து கீழே வந்து நோவை அமத்துகிற நரம்புப் பாதைக்குத் தேவையான இரசாயனங்களையும் அது கூட்டுகிறது, நித்திரையையும் ஆழமாக்குகிறது. மனச்சோர்வுக்கு 75 மில்லிகிராம், அதற்கு மேலும் கொடுப்பார்கள். நோவுக்கு 10 இல் தொடங்குவார்கள். நான் இப்போது 25 இல் நிற்கிறேன். அஸ்பிரினைத் தலையிடிக்கும் போட்டோம், இப்போது மாரடைப்பு வந்தவருக்கும் தருகிறார்கள். அதைப் போடுகிறவரைப் பார்த்து "உங்களுக்குத் தலையிடியா?" என்று யாரும் கேட்பதில்லையே.

எனக்காக மட்டும் என்றால் இதை எழுதியிருக்கமாட்டேன். போன தவணை தேர்ச்சி அறிக்கை வாங்க ஒரு அம்மா வந்தா. கதிரையில் இருக்கவே கஷ்டப்பட்டா. "உடம்பெல்லாம் உளையுது ரீச்சர்" என்றா. கிளினிக்கில் இதே குளிசை கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மாதம் போட்டு, நித்திரையும் வந்து, களை பிடுங்கப் போகிற அளவுக்குத் தேறியிருக்கிறா. பிறகு வீட்டில் யாரோ அட்டையைப் பார்த்து, "இது விசர்க் குளிசை, கிட்னியும் போயிடும்" என்று சொல்ல, அன்றோடு நிறுத்திவிட்டா. இப்போது என்ன போடுறீங்கள் என்று கேட்டேன். கடையில் இரண்டு இரண்டாக டைக்குளோபெனாக் வாங்கிப் போடுகிறாவாம். "அது சும்மா நோக் குளிசைதானே ரீச்சர்" என்றா.

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊரில் பயப்படவேண்டியதற்குப் பயப்படாமல், மற்றதற்குப் பயப்படுகிறோம். டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவற்றை மாதக்கணக்கில் கேட்பாரில்லாமல் போட்டால் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பழுதாக்கும். பதவியா, மதவாச்சி, வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தத்தால் எத்தனை விவசாயக் குடும்பங்கள் அழிந்தன என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற உடம்புக்கு அந்தக் குளிசை இரட்டைச் சுமை. போதாததற்கு, பைப்ரோமயல்ஜியாவுக்கு அவை பெரிதாக வேலை செய்வதும் இல்லை. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் சங்கம் 2017 இல் வெளியிட்ட பரிந்துரையில் அவற்றையும், ஸ்டெரொயிட் குளிசைகளையும், கடுமையான ஓபியொயிட் மருந்துகளையும் இதற்குக் கொடுக்கவேண்டாம் என்கிறது. அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் கொடுக்கலாம் என்கிறது.

நான் மருந்துக்கு விளம்பரம் செய்யவில்லை. வாய் காய்கிறது, மலச்சிக்கல் இருக்கிறது, நாலு கிலோ கூடிவிட்டேன். பிந்திப் போட்டால் முதலாம் பாடம் முடியும்வரை தலை மந்தம். இருதய வருத்தம் உள்ளவர்களும் வயது போனவர்களும் கட்டாயம் டொக்டரிடம் சொல்லித்தான் போடவேண்டும். என்னுடைய நோவு முழுதாகப் போகவும் இல்லை. பத்துக்கு எட்டாக இருந்தது இப்போது நாலு, ஐந்து. அந்த மிச்சத்துக்குத்தான் பின்னேரம் வாய்க்கால் கரையால் நடக்கிறேன். அந்த 2017 பரிந்துரையில் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்தப்பட்டது உடற்பயிற்சிதான். ஆனால் நித்திரையில்லாமல், எழும்ப ஏலாமல் கிடக்கிறவளைப் பார்த்து "நடவுங்கோ" என்றால் எப்படி நடப்பாள்? என்னை எழுப்பி நடக்க வைத்தது குளிசை. அதற்குப் பிறகுதான் நடையும் எனக்கு உதவியது.

"பழகிப்போயிடும், பிறகு விட ஏலாது" என்றும் சொல்கிறார்கள். இந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பிரிகபலின் என்ற மருந்தை 2007 இல் அமெரிக்கா இந்த வருத்தத்துக்கென்றே அனுமதித்தது. இங்கே அதைப் பெடியள் போதைக்குப் பாவிக்கிறார்கள், பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. அதனால் உண்மையான நோயாளி துண்டோடு போனாலும் பார்மசியில் ஒரு பார்வை பார்க்கிறார்கள். போதைக்கு எடுக்கிறவன் வாழ்க்கையை விட்டு விலகிப் போக எடுக்கிறான். நான் எடுப்பது காலை ஏழரைக்குப் பாடசாலை வாசலில் நிற்க. பிரஷர் குளிசையை வாழ்நாள் முழுக்கப் போடுகிறவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது குளிசையைப் பாதியாக உடைத்துப் போட்டேன். பிறகு அதுவும் இல்லை. மூன்று பார்மசி ஏறி இறங்கினேன். இரண்டு கிழமை நித்திரையில்லை, குமட்டல், பழைய நோவு முழுக்கத் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் விளங்கியது, இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. குறைப்பதென்றாலும் டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

நோன்பு நேரம் என்ன செய்வீர்கள் என்று என் சொந்தக்காரர் கேட்பார்கள். இது இரவுக் குளிசை, சிக்கல் இல்லை. பகலிலும் மருந்து தேவைப்படுகிற நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை அயலவர் பறிக்கக்கூடாது.

கடைசியாக, எங்கள் மண்ணைப் பற்றி. நான் 1990 இல் சிறுபிள்ளையாக உடுத்த உடுப்போடு புத்தளம் போனவள். நீங்கள் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பியவர்கள். அடிபட்ட மனிதர்களிடம் உடம்பு முழுக்கப் பரவும் நோவு கூடுதலாகக் காணப்படுகிறது என்று வைத்தியர்கள் பல நாடுகளில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவதற்கு அது காரணமாகாது. துயரத்தால் நரம்பு மாறினால் அந்த நோவும் நோவுதான். தனியாக நின்று பிள்ளை வளர்த்து, வயலும் செய்து, இரவில் உளைவோடு புரள்கிற பெண்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் குளிசை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

அந்த அம்மாவை அடுத்த கிளினிக் நாளுக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கொப்பியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாவாம்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் யாராவது நோவு என்று சொன்னால் எக்ஸ்ரேயைக் கேட்காதீர்கள். கிளினிக்கில் தந்த குளிசையை உங்கள் சொல்லால் நிறுத்தாதீர்கள், சந்தேகம் இருந்தால் கூடப் போய் டொக்டரிடம் கேளுங்கள். கடையில் துண்டில்லாமல் நோக் குளிசை வாங்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள்.

இனி என்னுடைய கைப்பை சரிந்தால் ஒளிக்கமாட்டேன். கேட்கிறவர்கள் நேரே கேளுங்கள், சொல்லுகிறேன். எல்லாருக்கும் நல்ல சுகத்தையும் நல்ல நித்திரையையும் இறைவன் தரட்டும்.