எவரெஸ்ட் எத்தனை முழம்?

எவரெஸ்ட் சிகரம் எத்தனை இட்லி உயரம்? இந்தக் கேள்வியை இன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் போட்டுப் பாருங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்.

நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020-ல் அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். அதாவது ஏறக்குறைய 29,032 அடி. ஒரு இட்லி ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 2,32,000-க்கு மேல் வேணும். (அடியில் இருக்கிற இட்லி என்ன ஆகும்னு கேட்கிற பிள்ளைக்கு ஒரு இட்லி கூடுதல்.) மலேசியா பத்துமலை முருகன் சிலை 140 அடி, சுமார் 207 முருகனை ஒருத்தர் தலையில் ஒருத்தர் நிறுத்தினால் சிகரம் வந்துவிடும்.

முழத்தில் சொன்னால் இன்னும் அழகு. பூக்காரம்மா கையால் அளக்கிற முழம் ஒன்றரை அடின்னா, எவரெஸ்ட் 19,354 முழம். இதை வாய்விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: பத்தொன்பதாயிரத்து முந்நூற்று ஐம்பத்து நான்கு. இங்கேதான் நம்மில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வோம். வீட்டில் தமிழ் பேசுவோம், நம்பர் வந்ததும் இங்கிலீஷுக்குத் தாவிடுவோம். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஊரிலிருந்து பாட்டி போனில் “எண்ணூறு ரூபாய்”னு சொன்னால், அது எட்டா எண்பதான்னு பேரப்பிள்ளை நம்ம முகத்தைப் பார்க்கும்.

சரி, மலைக்கு வருவோம். முதலில் இதை அளந்தது எப்படி? அந்தக் கதை தொடங்குவது சென்னையில். 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏழரை மைல் நேர்கோடு ஒன்றை அளந்தார். அந்தக் கோட்டின் மேல் முக்கோணம், அதன் மேல் இன்னொரு முக்கோணம் என்று கட்டிக்கொண்டே இமயமலை அடிவாரம் வரை போனார்கள். நேபாளத்துக்குள் விடவில்லை. அதனால் நூறு மைலுக்கு அப்பால் இருந்தே கோணத்தை எடுத்தார்கள். கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1856-ல் வெளியிட்ட உயரம் 29,002 அடி. கணக்கில் சரியாக 29,000 வந்ததாகவும், குத்துமதிப்பு என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று 2 அடி சேர்த்ததாகவும் ஒரு கதை உண்டு.

பெயர் மட்டும் சிக்தாருக்குப் போகவில்லை. ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற பழைய அதிகாரிக்குப் போனது. அவரே வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் குடும்பம் உச்சரித்தது ‘ஈவ்ரெஸ்ட்’. உலகமே தப்பாகச் சொல்கிறது. திபெத்தியர்களும் ஷெர்பாக்களும் அதற்கு முன்பே ‘சோமோலுங்மா’ என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஷெர்பா என்பதும் வேலையின் பெயர் இல்லை, ஒரு இனத்தின் பெயர். பள்ளியில் இதைச் சொல்லித் தருவது அபூர்வம், நாம்தான் சொல்ல வேணும்.

கடைசியா ஒரு வீட்டுக் கணக்கு. மாடிப்படி 14 படி, படிக்கு 7 அங்குலம். எவரெஸ்ட் உயரத்துக்குச் சுமார் 3,550 தடவை ஏறணும். ஒரு நாளைக்குப் பத்து தடவைன்னா வருஷத்தில் பத்து நாள் மிச்சம். நேபாளப் பக்கத்து அடிவார முகாமே 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஏறுவதாகக் கணக்கு வைத்தால் 1,400 தடவை போதும். உங்க வீட்டுப் படி எத்தனை அங்குலம்? ஸ்கேலைப் பிள்ளையிடம் கொடுங்கள். விடை தமிழில் வரட்டும்.