மேடை மறந்தாலும் எழுத்து மறக்காது

எமது கல்லூரியின் பிரதான மண்டபத்துக்குச் செல்லும் வழியில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதற்குள் கேடயங்களும் கிண்ணங்களும் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று தமிழ்மொழித் தினப் போட்டியில் நாடகத்துக்குக் கிடைத்தது. அதில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. ‘நாடகம் – இரண்டாம் இடம்’ என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாடகத்தின் பெயர் இல்லை. எழுதியவர் பெயர் இல்லை. நடித்தவர்களின் பெயர்களும் இல்லை.

அந்த நாடகத்தில் என் ராத்தாவும் நடித்தார்.

நாடகமும் அரங்கியலும் பாடத்துக்காகப் பாடசாலை நாடகம் ஒன்றைப் பற்றி எழுதிவரும்படி ஆசிரியை சென்ற வருடம் கூறியபோது, ராத்தாவின் நாடகத்தையே எழுதலாம் என்று எண்ணினேன். பிரதியைத் தேடினேன். நூலகத்தில் இல்லை. நெறிப்படுத்திய ஆசிரியை இடமாற்றம் பெற்றுச் சென்று பல வருடங்களாகிவிட்டன. ராத்தாவிடம் கேட்டேன். அவருக்கு நினைவில் இருந்தவை ஒரேயொரு வசனமும், அரசனாக நடித்தவரின் ஒட்டுத்தாடி பாதியில் கழன்று விழுந்ததும்தான்.

“மூணு மாசம் பழகின, அரை மணித்தியாலத்துல முடிஞ்சி போச்சு. அவ்வளவுதான்” என்றார்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல் என்னை விடவில்லை. கவிதை எழுதினால் தாள் இருக்கும். ஓவியம் வரைந்தால் சுவரில் தொங்கும். நாடகம் மட்டும் திரை விழுந்ததும் காற்றோடு போய்விடுகிறது. பார்த்த ஒருவர் எழுதி வைத்தால்தான் அதற்கு மறுநாள் உண்டு. 1956 இல் கொழும்பில் மேடையேறிய பேராசிரியர் சரச்சந்திராவின் ‘மனமே’ பற்றியும், 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய கூத்துகள் பற்றியும் நாம் இன்று பரீட்சையில் விடை எழுதுகிறோம். அவற்றை நாம் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எழுதினார்கள், நாம் படிக்கிறோம்.

ஆகவே நாடகத்தைப் பற்றி எழுதுவது நாடகத்தின் ஒரு பகுதியே என்பதுதான் எனது கருத்து. இதற்கு உலக அரங்கிலிருந்து சில உதாரணங்களைக் கூற விரும்புகிறேன்.

1955 ஆகஸ்ட் மாதத்தில் லண்டனில் ஆர்ட்ஸ் தியேட்டர் என்ற சிறிய அரங்கில் சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நாடகம் மேடையேறியது. நெறியாளர் பீட்டர் ஹோலுக்கு அப்போது வயது 24. நாளிதழ்களின் விமர்சகர்களில் பலர் அதை விரும்பவில்லை. இரண்டு பேர் ஒரு மரத்தடியில் யாருக்காகவோ காத்திருக்கிறார்கள், அவர் வரவேயில்லை, இது என்ன நாடகம் என்று கேட்டார்கள். ஆனால் அந்த வார ஞாயிறு இதழ்களில் கென்னத் டைனன், ஹரல்ட் ஹொப்சன் என்ற இருவர் அதைப் பாராட்டி எழுதினார்கள். அதன் பின்னர் நாடகம் பெரிய அரங்குக்கு மாறியது. இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் அது பாடமாக இருக்கிறது. அந்த இரண்டு கட்டுரைகள் வராமல் இருந்திருந்தால் அந்த மேடையேற்றம் ஒருவேளை அந்தச் சிறிய அரங்கிலேயே முடிந்துபோயிருக்கும்.

அக்காலத்தில் எழுதுவதற்குப் பத்திரிகைகள் இருந்தன. லண்டனின் ‘த ஸ்டேஜ்’ என்ற நாடக இதழ் 1880 இல் தோன்றியது. நியூயோர்க்கில் அரங்குக்கு வருபவர்களின் கையில் கொடுக்கப்படும் ‘பிளேபில்’ என்ற நிகழ்ச்சி நூல் 1884 இல் தொடங்கியது. ஆனால் பத்திரிகைகளின் வருமானம் குறையத் தொடங்கியதும் முதலில் கத்தரிக்கப்பட்டவற்றுள் கலைப் பக்கங்களும் இருந்தன. 2013 இல் பிரித்தானியாவின் ஒரு ஞாயிறு இதழ் தனது கலை விமர்சகர்கள் அனைவரையும் ஒரே தடவையில் நிறுத்தியது. நியூயோர்க்கின் சிறிய அரங்குகளைப் பற்றிப் பல தசாப்தங்களாக எழுதிவந்த ‘வில்லேஜ் வொய்ஸ்’ 2017 இல் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. பெரிய அரங்குகளுக்கு விளம்பரம் இருக்கிறது. சிறிய அரங்குகளுக்கு எழுதுபவர் இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவை இணையத்தளங்கள். பிளேபில் 1994 இலேயே இணையத்துக்கு வந்துவிட்டது. பிரித்தானியாவில் ‘வட்ஸ்ஒன்ஸ்டேஜ்’ 1996 இல் வந்தது. 2003 இல் ரொபர்ட் டயமன்ட் என்பவர் ‘பிரோட்வேவேர்ல்ட்’ தளத்தை ஆரம்பித்தார். நியூயோர்க்கின் பிரோட்வேயைப் பெயராகக் கொண்டிருந்தாலும், பல நகரங்களிலும் நாடுகளிலும் உள்ளவர்கள் தத்தம் ஊர் அரங்கைப் பற்றி எழுதத் தொடங்கியதால் அது பெருகியது. 2011 இல் தோன்றிய ‘ஹவுல்ரவுண்ட்’ வேறொரு வழியில் சென்றது. நடிகர்கள், நெறியாளர்கள், நாடக ஆசிரியர்கள் தாங்களே எழுதினார்கள். எழுதியவரின் பெயரைக் குறிப்பிட்டு எவரும் அக்கட்டுரைகளை மீள்பிரசுரிக்கலாம் என்ற உரிமத்தின் கீழ் அவை வெளியாகின்றன.

என்னை அதிகம் கவர்ந்தது 2016 நவம்பரில் ஆரம்பமான ‘த தியேட்டர் டைம்ஸ்’. அதை ஆரம்பித்தவர் ஒரு பெண். பெயர் மக்டா ரொமன்ஸ்கா. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எமர்சன் கல்லூரியில் பேராசிரியை. போலந்து நாட்டு அரங்கைப் பற்றி ஆய்வு நூல் எழுதியவர். ஒரு நாட்டில் நடக்கும் நாடகம் மற்றொரு நாட்டவருக்குத் தெரியாமலே போகிறது என்பதுதான் அத்தளம் எடுத்துக்கொண்ட குறை. அதற்கு அது கண்ட வழி மிக எளிமையானது. எல்லா நாடுகளுக்கும் ஒரு நிருபரை அனுப்ப எவரிடமும் பணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் நாடகம் பார்க்கும் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். அவரையே அந்த நாட்டுக்குப் பொறுப்பான பிராந்திய ஆசிரியராக்கினால் என்ன?

அப்படியே செய்தார்கள். இன்று 150க்கும் மேற்பட்ட பிராந்திய ஆசிரியர்களுடன் 80க்கும் மேற்பட்ட நாடுகளின் அரங்கைப் பற்றி அத்தளம் எழுதுகிறது. அவர்கள் தாமே எழுதுகிறார்கள், பிறரை எழுதத் தூண்டுகிறார்கள், ஏற்கெனவே வேறிடத்தில் வந்த நல்ல கட்டுரைகளை அனுமதி பெற்று மீள்பிரசுரிக்கிறார்கள். 2019 இல் இணையவழி நாடக விழாவொன்றையும் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் கொரோனா காரணமாக பிரோட்வே அரங்குகள் அனைத்தும் மூடப்பட்டபோது, திரையில் நாடகம் பார்ப்பது எப்படி என்று உலகமே கேட்டது. இவர்கள் அதை முதலே தொடங்கியிருந்தார்கள்.

இந்த வளர்ச்சிக்குக் காரணம் கணினி என்று சிலர் கூறலாம். நான் அப்படி நினைக்கவில்லை. கணினி எல்லோரிடமும் இருக்கிறது. “என் ஊரில் நடப்பதை நான் எழுதுவேன்” என்று பொறுப்பெடுத்தவர்கள்தான் காரணம்.

இதில் குறைகளும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டுப் புகழ்வது நேர்மையாகாது. இத்தகைய தளங்கள் பலவற்றில் எழுதுபவர்களுக்குக் கொடுப்பனவு மிகக் குறைவு, அல்லது இல்லவேயில்லை. அப்படியானால் ஓய்வும் வசதியும் உள்ளவர்களே தொடர்ந்து எழுத முடியும். உழைத்துக் களைத்து வீடு திரும்புகிறவரின் குரல் அங்கே எழாது. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் மேடையேறும் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால்தான் உலகம் அறியும் என்ற நிலை எமக்குப் பெருமை தருவதல்ல. இவற்றைவிட ஆபத்தானது இன்னொன்று. எழுதுபவரும் நடிப்பவரும் நண்பர்களாக இருக்கும்போது விமர்சனம் வாழ்த்து மடலாகிவிடுகிறது.

இந்தக் கடைசிக் குறையை நான் அனுபவித்தே அறிந்தேன். தரம் 12 இல் படிக்கும்போது, வகுப்புகளுக்கிடையிலான நாடகப் போட்டியைப் பற்றி எமது சுவர்ப் பத்திரிகையில் எழுதினேன். என் நெருங்கிய தோழி எழுதி நடித்த நாடகம் அது. நல்ல நாடகம். ஆனால் இரண்டாவது காட்சியில் அவளது குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. நான் பின்வரிசையில் இருந்தேன். அதையும் எழுதினேன். இரண்டு வாரங்கள் அவள் என்னோடு பேசவில்லை.

எழுதியது பிழையோ என்று அந்த இரண்டு வாரங்களும் யோசித்தேன். கட்டுரையை மீண்டும் வாசித்தபோது என் பிழை எது என்று விளங்கியது. குரல் கேட்கவில்லை என்பதை ஒரு முழுப் பந்தியில் எழுதியிருந்தேன். மூன்றாவது காட்சியில் அவள் எதுவும் பேசாமல் உம்மாவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றபோது மண்டபம் முழுவதும் அமைதியானதே, அதை ஒரே வரியில் முடித்திருந்தேன். குறை சொன்னது பிழையல்ல. கண்ட நல்லதை அதே அக்கறையோடு சொல்லாததே பிழை. பின்னர் அவளிடம் அதையே சொன்னேன். “அடுத்த முறை ரெண்டையும் எழுது” என்றாள். அடுத்த நாடகத்தில் அவள் ஒத்திகைக்கு ஒரு மாணவியைப் பின்வரிசையில் உட்கார வைத்தாள்.

இனிப் பெற்றோருக்கு ஒரு சொல். நான் நாடகமும் அரங்கியலும் பாடத்தைத் தெரிவு செய்தபோது என் மாமா, “பொம்புளப் புள்ளைக்கு நாடகம் என்னத்துக்கு?” என்று கேட்டார். வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. மாமாவின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. பெண் பிள்ளைகளின் படங்கள் கைபேசிகளில் எங்கெங்கோ சுற்றுவதையும், பெயர் தெரியாதவர்கள் கண்டபடி எழுதுவதையும் அவர் பார்த்திருக்கிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு.

ஆனால் எழுத்துக்கு முகம் தேவையில்லை. பொஸ்டனில் இருக்கும் ஆசிரியர் எங்கோ ஒரு நகரிலிருந்து வரும் கட்டுரையைத் தெரிவு செய்வது எழுதியவரின் படத்தைப் பார்த்தல்ல. என்ன கண்டார், எவ்வளவு கவனமாகக் கண்டார் என்பதைப் பார்த்துத்தான். மேடையேற விரும்பாத பிள்ளைக்கும், மேடையேற வீட்டில் அனுமதி கிடைக்காத பிள்ளைக்கும் அரங்கில் ஓர் இடம் இருக்கிறது. அது பார்வையாளர் வரிசையில், கையில் ஒரு பேனையோடு இருக்கும் இடம். ஆசிரியை ஒருவர் வாசித்துத் திருத்திய பின் கல்லூரிச் சஞ்சிகையில் பெயருடன் வரும் ஒரு கட்டுரையால் எந்தப் பிள்ளைக்கும் கேடு வராது. மாறாக, தான் கண்டதைத் தன் பெயரில் சொல்லவும், சொன்னதற்குப் பொறுப்பேற்கவும் அவள் பழகுவாள். நாளை அவள் வைத்தியராகலாம், ஆசிரியையாகலாம், ஒரு குடும்பத்தை நடத்தலாம். எங்கே சென்றாலும் இந்தப் பழக்கம் அவளுக்கு வேண்டியதுதான்.

என் வாப்பா இதை ஏற்றுக்கொண்டார். மாமா இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் சுவர்ப் பத்திரிகையில் வந்த என் கட்டுரையைக் கொண்டுவரச் சொல்லி வாசித்தார். “பின்வரிசைக்குக் கேக்கலன்னு எழுதினது சரி” என்று மட்டும் சொன்னார்.

நாம் உலகம் தழுவிய தளமொன்றை நாளையே தொடங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. எமது கல்லூரியில் மேடையேறும் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு பக்கம் எழுதுவோம் என்றே கூறுகிறேன். எந்த நாள், எந்த மண்டபம், பிரதி யாருடையது, நெறிப்படுத்தியவர் யார், நடித்தவர்கள் யார், உடையும் ஒப்பனையும் எப்படி, சபை எங்கே சிரித்தது, எங்கே அமைதியானது, எது சரியாக வரவில்லை. பிரதியின் ஒரு பிரதியையும் அதனோடு சேர்த்து நூலகத்தில் வைப்போம். இச்சஞ்சிகை ஆண்டுதோறும் இரண்டு பக்கங்களை இதற்கு ஒதுக்கலாம். வாழ்த்துச் செய்திகளுக்கு நாம் ஒதுக்கும் பக்கங்களோடு ஒப்பிட்டால் அது அதிகமல்ல.

நான் தொடங்கிவிட்டேன். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, முதற்பக்கத்தில் ராத்தாவின் நாடகத்தை எழுதினேன். ராத்தா தன் வகுப்புத் தோழிகளுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார். ஒருவர் கைக்குழந்தையை ஆராட்டிக்கொண்டே இரண்டாம் காட்சியின் வசனங்களைச் சொன்னார். இன்னொருவர் கட்டாரிலிருந்து குரல் பதிவொன்றை அனுப்பினார். அதில் பாட்டின் மெட்டு இருந்தது. அரசனாக நடித்தவர் தாடி விழுந்த கதையை இன்றும் மறுக்கிறார். நாடகத்தின் பெயர் கிடைத்துவிட்டது. நடித்த பதினொரு பேரில் ஒன்பது பேரின் பெயர்களும் கிடைத்துவிட்டன.

இன்னும் இரண்டு பெயர்கள் மீதமிருக்கின்றன. காவலாளிகளாக வந்த இருவர். அவர்களுக்கு வசனம் இல்லாததால் ஒருவருக்கும் நினைவில்லை. அன்று அம்மண்டபத்தில் இருந்த தாய்மார், தந்தையர், பழைய மாணவிகள் எவரேனும் இதை வாசித்தால் தயவுசெய்து வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கொப்பியில் இரண்டு வரிகளை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.