புழுப்பாம்பின் மேல் ஏன் இந்தக் கோபம்?

கண்டிக்கு வெளியே, மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் குடியேறியுள்ள ஒரு காணிக்குக் கடந்த மாரியில் போயிருந்தேன். கத்தரி நாற்றுப் பாத்தியில் ஒரு தாய் அரைப் போத்தல் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார். சப்பாத்துக் கயிறு போன்ற ஒரு சிறு உயிர் அதற்குள் துடித்தது. “பிள்ளைகளின் காதுக்குள் புகுந்துவிடுமாம் சாமி” என்றார்.

சொந்த ஊரில் எந்தப் புற்றில் எது கிடக்கும் என்று அறிந்திருந்தவர்களுக்குப் புது மண்ணில் நெளிவதெல்லாம் பகையாகத் தெரிவது இயல்பே. ஆனால் இந்தப் பயம் தவறான இடத்தில் விழுகிறது என்பதே என் கருத்து.

அந்த உயிர் புழுப்பாம்பு. குருட்டுப்பாம்பு என்றும் சொல்வர். சிங்கள அயலவருக்கு அது கணஉல்லா. வளர்ந்தாலும் சுமார் 6 அங்குலத்துக்கு மேல் போகாது. கண் இருக்குமிடத்தில் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள். அவற்றால் வெளிச்சத்தையும் இருளையும் மட்டுமே பிரித்தறியும் என்கிறார்கள். மற்றப் பாம்புகளுக்கு வயிற்றில் அகன்ற செதில்கள் உண்டு. இதற்கோ முதுகிலும் வயிற்றிலும் ஒரே அளவான வழுவழுப்பான செதில்கள், உடலைச் சுற்றி 20 வரிசை. மண்புழுவுக்கு உள்ள வளையங்கள் இதற்கு இல்லை; உற்றுப் பார்த்தால் சிறு நாக்கு வெளியே வந்து போவதையும் காணலாம். வாலின் நுனியில் சிறு முள் உண்டு. கையில் எடுத்தால் அதை அழுத்தும். அதைத்தான் பலர் கொட்டு என்கிறார்கள். அதில் நஞ்சு இல்லை. தொடக்க நூலில் சபிக்கப்பட்ட பாம்பு ஏவாளோடு வாதாடியது. இதன் வாயிலோ எறும்பு, கறையான்களின் முட்டையும் குஞ்சும்தான் நுழையும். மழையில் மண் ஊறும்போது மூச்சுக்காக மேலே வருகிறதே ஒழிய, நம் காதைத் தேடி அல்ல.

நாம் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. உதிர்ந்த இலைகளுக்குள் இலை நிறத்திலேயே சுருண்டு கிடக்கும் கோப்பி விரியன், சிங்களத்தில் குணகட்டுவா. முக்கோணத் தலை, மேல்நோக்கிய மூக்கு. இலங்கையில் அதிகமானோரைக் கடிக்கும் நச்சுப்பாம்பு இதுவே. இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து இதன் நஞ்சுக்குப் பயன்படாது. சிறுநீரகம் பழுதாகி உயிர்போனவர்களும் உண்டு. கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், மந்திரிக்கக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெய்க்குச் செலவான காசில் ஒரு பிள்ளைக்கு ரப்பர் செருப்பாவது வாங்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது, வாய்விட்டுச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் ஊறிய பாத்தியில் நாற்றும் கருகும், மண்புழுவும் சாகும் என்பதை மட்டும் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உடலில் வெள்ளைப் பட்டையோ புள்ளியோ இருந்தால் அது புழுப்பாம்பு அல்ல. கட்டுவிரியன் குஞ்சாகவும் இருக்கலாம். கையால் தொடாதீர்கள்.

இந்தப் பாம்பும் இடம்பெயர்ந்த கதை உடையது. பிரெஞ்சு அறிஞர் தோதன் 1803இல் இதற்குப் பெயரிட்டார். பூச்சாடி மண்ணோடு கப்பலேறி ஆபிரிக்கா, அமெரிக்கா, பசிபிக் தீவுகள்வரை போய்விட்டது. இந்த இனத்தில் எல்லாம் பெண்ணே. ஆணின்றியே முட்டையிடுவதால், புது மண்ணில் ஒன்று போய்ச் சேர்ந்தாலே குடும்பம் பெருகிவிடும்.

இதைக் கேட்டதும் அந்தத் தாய் சிரித்துவிட்டார். அடுத்த முறை போனபோது பாத்தி புதிதாகக் கொத்தப்பட்டிருந்தது. போத்தலில் மீதி மண்ணெண்ணெய் விளக்கருகே இருந்தது.